கண்புரை ஆபரேஷன் நல்லா முடிஞ்சும் பார்வை வரலையா? புரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் 'இன்னொரு நோய்'... முன்கூட்டியே கேட்க வேண்டியது என்ன?

"ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுதுன்னு சொல்றாங்க. ஆனா எதிர்ல நிக்கிற ஆளு முகம் இன்னும் மங்கலாத்தான் தெரியுது."

கண்புரை முகாமுக்குப் போய் வந்த ஏதாவது ஒரு வீட்டில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டு அப்பாயி அதே நாளில், அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து அரிசியில் கல் பொறுக்குகிறார். நம் வீட்டுத் தாத்தாவுக்கு மட்டும் பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர் பேர் தெரியவில்லை. அடுத்து என்ன நடக்கும்? "டாக்டர் சரியில்ல", "இலவசம்னா இப்படித்தான்", "இன்னொரு கண்ணையும் கெடுத்துக்க வேணாம்" என்று பேச்சு கிளம்பிவிடும். தாத்தா இரண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார்.

அந்தத் தாத்தாவுக்கு நடந்தது என்ன? டாக்டரின் தவறா? லென்ஸ் சரியில்லையா? இரண்டுமே இல்லாமல், புரையோடு சேர்ந்து கண்ணில் வேறொரு நோய் முன்பே இருந்திருக்குமா? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாலிகண்டபுரத்தில் இருந்து பார்ப்போம்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர் வாலிகண்டபுரம். வாலீஸ்வரர் கோயிலால் பலருக்கும் தெரிந்த பெயர். சுற்றியுள்ள கிராமங்களில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் முந்திரிக் காடு, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை. ஆயுசு முழுக்க வெயிலிலும் தூசியிலும் வேலை பார்த்த கண்கள்தான் இங்கே அறுபதைத் தாண்டுகின்றன.

இந்தக் கண்களுக்கு முதலில் வருவது புரை. ஆனால் புரை மட்டும்தான் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரே கண்ணில் புரையும் இருக்கலாம், கண் அழுத்த நோயும் இருக்கலாம், சுகரால் வந்த விழித்திரை பாதிப்பும் இருக்கலாம், பத்து வருஷத்துக்கு முன்னால் சோளத்தோகை கிழித்த தழும்பும் இருக்கலாம்.

புரை என்றால் என்ன?

நம் கண்ணுக்குள் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது தெளிவை இழந்து பழுப்பாகவோ வெள்ளையாகவோ மாறுவதுதான் புரை. ஆபரேஷனில் அந்த மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த உறைக்குள்ளேயே செயற்கை லென்ஸை வைக்கிறார்கள்.

ஜன்னல் கண்ணாடி அழுக்கானால் கண்ணாடியை மாற்றுகிறோம். வெளியே இருப்பது தெரிகிறது. ஆனால் பார்க்கிற ஆளின் கண்ணே பழுதாகியிருந்தால்? புதுக் கண்ணாடி போட்டும் பயன் பாதிதான். இங்கே லென்ஸ்தான் ஜன்னல் கண்ணாடி. அதற்குப் பின்னால் இருக்கும் விழித்திரையும், அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பும்தான் உண்மையில் 'பார்க்கிற ஆள்'. புரை ஆபரேஷன் கண்ணாடியை மட்டும்தான் மாற்றும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஊரில் 'கண்ணுல பூ விழுந்திருக்கு' என்பார்கள். பூ வேறு, புரை வேறு. பூ என்பது பெரும்பாலும் கண்ணின் முன்பக்கமுள்ள கருவிழியில் காயமோ புண்ணோ ஆறியபின் நிற்கும் வெள்ளைத் தழும்பு. புரை அதற்கும் உள்ளே, லென்ஸில் வருவது. புரையை எடுத்தால் பூ போகாது. இது புரியாமல் போனால் ஏமாற்றம் நிச்சயம்.

தேசிய கணக்கெடுப்பு சொல்வது என்ன?

2015-19 காலகட்டத்தில் மத்திய அரசு நடத்திய தேசிய பார்வையின்மைக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களில் 1.99 சதவீதம் பேர் பார்வை இழந்தவர்கள் என்று தெரியவந்தது. காரணங்களில் முதலிடம், சிகிச்சை எடுக்காத கண்புரைக்கு: 66.2 சதவீதம்.

கவனிக்க வேண்டிய எண் அடுத்து வருகிறது. பார்வை இழந்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்குக் காரணம், கண்புரை அறுவை சிகிச்சையின் சிக்கல்கள். கிளாக்கோமாவுக்கு 5.5 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆபரேஷன் செய்யாமல் இருப்பதால் பார்வை போனவர்கள், ஆபரேஷன் சிக்கலால் போனவர்களைவிட ஒன்பது மடங்கு. அதனால் 'பயமா இருக்கு, வேணாம்' என்பது பதில் ஆகாது. அதே நேரம், 7.2 சதவீதம் என்பது கண்டுகொள்ளாமல் விடுகிற எண்ணும் கிடையாது. அதைக் குறைப்பதற்கான வழிகளில் முக்கியமானது, கத்தி வைப்பதற்கு முன்பே கண்ணில் வேறு என்ன இருக்கிறது என்று தேடுவது.

கூடவே இருக்கும் அந்த 'இன்னொரு நோய்' எது?

நம் பக்கத்தில் அதிகம் பார்க்கப்படுவது நான்கு.

1. செதில் படிவு

மருத்துவப் பெயர் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. கண்ணுக்குள் லென்ஸின் மேலேயும், பாப்பாவின் விளிம்பிலும் பொடுகு மாதிரி வெள்ளையான செதில்கள் படியும். 1917-ல் பின்லாந்து டாக்டர் ஜான் லிண்ட்பெர்க் இதை முதன்முதலில் பதிவு செய்தார். ரொம்ப நாள் இதைக் குளிர் நாட்டுக்காரர்களின் நோய் என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்ட கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்தபோது, நூறில் சுமார் 6 பேருக்கு இது இருந்தது. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் வடமாவட்ட கிராமங்களில் பார்த்தபோது நூறில் சுமார் 4 பேர். வெயிலில் அதிக நேரம் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. மரபணுவுக்கும் பங்கு உண்டு.

இதனால் என்ன ஆபத்து? லென்ஸ் தானாகக் கண்ணுக்குள் மிதப்பதில்லை. கட்டிலுக்குக் கயிறு போல, சுற்றிலும் மெல்லிய இழைகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. செதில் படிந்த கண்ணில் இந்த இழைகள் நைந்துபோயிருக்கும். சொட்டு மருந்து விட்டாலும் பாப்பா முழுசாக விரியாது. ஆபரேஷன் செய்யும்போது இழை அறுந்தால் லென்ஸின் உறை கிழியலாம், புரைத்துண்டு உள்ளே விழலாம். சில கண்களில் எல்லாம் நன்றாக முடிந்து பல வருஷம் கழித்து, வைத்த லென்ஸ் இடம் நகர்ந்துவிடுவதும் உண்டு. போதாக்குறைக்கு, கண்ணின் அழுத்தம் ஏறி கிளாக்கோமா வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம்.

2. கிளாக்கோமா

கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் பெரும்பாலும் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் நோய். வலி இருக்காது. ஓரப்பார்வையில் தொடங்கும் என்பதால் நோயாளிக்கே தெரியாது. அரவிந்தின் அதே ஆய்வில், 40 வயதைத் தாண்டியவர்களில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அதில் அதிகம் காணப்படும் வகையால் பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்குப் புரை வந்தால், 'வயசாச்சு, புரை' என்றே வீட்டில் நினைப்பார்கள். புரையை எடுத்தால் மங்கல் குறையும், ஆனால் செத்த நரம்பு திரும்பி வராது. நடுவில் மட்டும் தெரியும், ஓரத்தில் இடித்துக்கொண்டு நடப்பார். இதில் இன்னொரு சிக்கல், ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கிளாக்கோமா இருப்பது தெரிந்தால் டாக்டர் அதைக் கண்காணிப்பார்.

3. சுகர்

தமிழ்நாட்டுக்குச் சொல்லவே வேண்டாம். சங்கர நேத்ராலயாவின் ஆய்வுகளின்படி, சர்க்கரை நோயாளிகளில் சென்னை நகரத்தில் 18 சதவீதம் பேருக்கும் கிராமப்புறங்களில் 10.3 சதவீதம் பேருக்கும் விழித்திரை பாதிப்பு இருந்தது. விழித்திரையின் மையத்தில் நீர் கோத்துக்கொண்டிருந்தால், புரையை எடுத்தாலும் எழுத்து தெரியாது. சில நேரம் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீக்கம் கூடவும் செய்யும். முன்பே தெரிந்தால் ஊசி, லேசர் என்று முதலில் விழித்திரையைச் சரிசெய்துவிட்டு, அல்லது இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டுச் செய்யலாம்.

4. பழைய காயம், பழைய புண்

நெல் உமி, சோளத்தோகை, முள், கல் உடைக்கும்போது தெறித்த சில்லு. விவசாய வேலையில் கண்ணில் அடிபடுவது சாதாரணம். அதற்கு எண்ணெயோ தாய்ப்பாலோ ஊற்றிப் புண்ணாகி, ஆறியபின் தழும்பு நின்றிருக்கும். அடிபட்ட கண்ணில் லென்ஸைப் பிடிக்கும் இழைகளும் அறுந்திருக்கலாம். 'அதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்னாடி' என்று நோயாளி சொல்லாமல் விடுவார். டாக்டருக்கோ அதுதான் முக்கியமான தகவல்.

நல்ல செய்தி: முன்பே தெரிந்தால் பாதி ஜெயிச்சாச்சு

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்போ இந்த நோய் இருந்தா ஆபரேஷனே கூடாதா?' என்று தோன்றலாம். இல்லை. இதற்கான பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

செதில் படிவு உள்ள கண்களையும் இல்லாத கண்களையும் பக்கத்தில் வைத்து, அரவிந்த் மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்து ஐந்து வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். உறைக்குள் தாங்கு வளையம் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன, எந்த வகை லென்ஸ் நல்லது என்றும் சோதித்தார்கள். ஐந்து வருஷ முடிவில், லென்ஸ் இடம் நகர்வது செதில் படிந்த கண்களிலும் குறைவாகவே இருந்தது. சாதாரணக் கண்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். இழைகள் தளர்ந்திருப்பது வெளிப்படையாகவே தெரிந்த கண்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அதாவது, நோய் ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் தெரிந்துகொண்டே அனுபவசாலிகள் செய்தால் கிட்டத்தட்ட எல்லாரையும் போலவே பார்வை கிடைக்கும். முற்றவிட்டு, இழை நைந்து, லென்ஸ் ஆடுகிற நிலையில் போனால் அந்த முடிவு நமக்குப் பொருந்தாது.

ஆக, கூட ஒரு நோய் இருப்பதைவிட, அது இருப்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து அதிகம்.

'புரை பழுக்கட்டும்' என்று காத்திருக்கலாமா?

வேண்டாம். 'புரை நல்லா பழுத்தாத்தான் எடுக்க முடியும்' என்பது பழைய காலத்து முறைக்குப் பொருந்திய பேச்சு. இன்றைய முறையில் பழுக்கும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. காத்திருப்பதில் மூன்று நஷ்டம்.

ஒன்று, புரை கல்லாக இறுகும். எடுப்பது கஷ்டம். ஏற்கெனவே நைந்த இழைகள் இருக்கும் கண்ணில் இந்தக் கஷ்டம் இரட்டிப்பாகும்.

இரண்டு, முற்றிய புரை உள்ளுக்குள்ளேயே கசிந்து, திடீரென்று கண் அழுத்தத்தை ஏற்றிவிடலாம். தாங்க முடியாத வலி, தலைவலி, வாந்தி என்று நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும்.

மூன்று, இதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். புரை வெள்ளையாக அடைத்துக்கொண்டால் டாக்டராலும் உள்ளே பார்க்க முடியாது. நீங்கள் வெளியே பார்க்க முடியாத அதே சுவர்தான் அவருக்கும். விழித்திரையில் என்ன கோளாறு என்று ஆபரேஷனுக்கு முன் சரியாகச் சொல்ல முடியாமல் போகிறது.

அப்படிப்பட்ட கண்ணிலும் சில எளிய சோதனைகள் உண்டு. டார்ச் வெளிச்சத்தை நாலு பக்கமிருந்தும் அடித்து, 'எந்தப் பக்கம் வெளிச்சம் வருது?' என்று கேட்பார்கள். எல்லாப் பக்கமும் சரியாகச் சொன்னால் விழித்திரை பெரும்பாலும் வேலை செய்கிறது என்று ஓர் அனுமானம் கிடைக்கும். இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி வெளிச்சம் அடித்துப் பாப்பா சுருங்குவதைப் பார்த்தால் பார்வை நரம்பின் நிலை ஓரளவு தெரியும். பி-ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் விழித்திரை பிரிந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் விழித்திரை மையத்தில் இருக்கும் நுணுக்கமான பாதிப்பை இந்தச் சோதனைகள் காட்டாது.

அதனால்தான் புரை லேசாக இருக்கும்போதே, சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்து ஒருமுறை முழுசாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து படிக்க முடியாது. 'அதுக்கெல்லாம் நேரமில்ல' என்று தவிர்ப்பவர்கள்தான் அதிகம். அந்த அரை நாள்தான் மிச்ச ஆயுசுக்கான பார்வையைத் தீர்மானிக்கலாம்.

2008 பெரம்பலூர்: அது வேறு, இது வேறு

பெரம்பலூர், கண் ஆபரேஷன் என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னாலே சிலருக்கு 2008 ஞாபகம் வரும். அந்த ஆண்டு ஜூலையில், இலவச முகாம் மூலம் அழைத்துவரப்பட்டு பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 60-க்கும் மேற்பட்டோருக்கு ஆபரேஷன் செய்த கண்ணில் பார்வை பறிபோனது. பெரும்பாலானோர் அப்போதைய விழுப்புரம் மாவட்ட கிராமத்து ஏழைகள். வழக்கை சிபிஐ விசாரித்தது.

அது கிருமித்தொற்று. ஒரே நேரத்தில் பல பேருக்கு, சில நாளுக்குள் நடந்தது. ஆபரேஷன் அறையின் சுத்தம், மருந்து, கருவி என்று மருத்துவமனை பதில் சொல்ல வேண்டிய விவகாரம். இந்தக் கட்டுரையில் சொல்வது ஒரு தனி நபரின் கண்ணுக்குள் முன்பே இருந்த நோய். இரண்டையும் போட்டுக் குழப்பினால் இரண்டு பக்கமும் அநியாயம் நடக்கும். கவனக்குறைவை 'உங்க கண்ணு அப்படி' என்று சொல்லி மூடிவிடலாம். கவனமாகச் செய்த டாக்டரைக் 'கெடுத்துட்டார்' என்றும் சொல்லிவிடலாம்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு விஷயம்தான். ஆபரேஷனுக்கு முன் என்ன பார்த்தார்கள், நோயாளியிடம் என்ன சொன்னார்கள் என்ற பதிவு. 'உங்களுக்கு நரம்பு பாதிப்பு இருக்கு, புரையை எடுத்தாலும் முழுப் பார்வை வராது, ஆனா இப்ப இருக்கிறதைவிட நல்லா இருக்கும்' என்று முன்பே சொன்னால் அது மருத்துவம். பார்வை வராத பிறகு சொன்னால் அது சமாளிப்பு மாதிரிதான் கேட்கும், உண்மையாகவே இருந்தாலும்.

எத்தனை ஆபரேஷன் என்பதா கணக்கு? எத்தனை பேருக்குப் பார்வை வந்தது என்பதா?

1976-ல் மத்திய அரசு தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் டாக்டர் ஜி.வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது புரையால் பார்வை இழந்தவர்கள் மலைபோல் குவிந்திருந்தார்கள். எவ்வளவு வேகமாக, எவ்வளவு பேருக்குச் செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. அதற்கு முகாம்தான் பதில். தமிழ்நாடு அதில் நாட்டுக்கே வழிகாட்டியது.

ஆனால் அரை நூற்றாண்டு கழித்தும் முகாம் போஸ்டர்களிலும் ஆண்டறிக்கைகளிலும் முதலில் நிற்பது எண்ணிக்கைதான். 'இத்தனை ஆயிரம் பேருக்கு இலவச அறுவை சிகிச்சை' என்று இருக்கும். அதில் எத்தனை பேருக்கு எவ்வளவு பார்வை வந்தது என்ற வரி அபூர்வம்.

உலகம் இந்தக் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. 2021-ல் உலக சுகாதார மாநாடு ஓர் இலக்கு வைத்தது. ஆபரேஷன் தேவைப்படுவோரில் எத்தனை பேர் செய்துகொண்டார்கள் என்பதோடு, செய்துகொண்டவர்களுக்கு 6/12 அளவுக்காவது பார்வை வந்ததா என்றும் சேர்த்து அளக்க வேண்டும். அந்த அளவை 2030-க்குள் 30 சதவீதப் புள்ளிகள் உயர்த்த வேண்டும். இந்தக் கணக்கில், ஆபரேஷன் முடிந்தும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா 'முடிந்தது' பட்டியலில் வரமாட்டார்.

இதற்கு ஊர் அளவில் என்ன தேவை? முகாமில் டார்ச் அடித்துப் 'புரை இருக்கு, பஸ்ஸில் ஏறுங்க' என்பதோடு நிறுத்தாமல், கண் அழுத்தம் பார்ப்பதும் சுகர் பார்ப்பதும் கட்டாயமாக வேண்டும். கூட நோய் இருப்பவர்களைத் தனியாகப் பிரித்து, அனுபவமுள்ள டாக்டர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதம் கழித்து அதே ஊருக்கு வந்து பார்வையை அளந்து எழுத வேண்டும்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்க வருகிறவர், 'வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டினீங்களா?' என்று ஒரு கேள்வி கேட்டாலே நிறைய பேர் தப்பிப்பார்கள். 2022 முதல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. வாலிகண்டபுரம் பக்கத்து ஆட்களுக்கு முதல் பரிசோதனைக்குத் திருச்சி வரை போக வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடப் போகும் ஆள் கேட்டால் போதும்.

1. "டாக்டர், புரையைத் தவிர கண்ணுல வேற ஏதாவது இருக்கா?"

2. "கண் பிரஷர் எவ்வளவு இருக்கு? நரம்பு நல்லா இருக்கா?"

3. "சுகர் இருக்கு. விழித்திரையைப் பார்த்தாச்சா? முதல்ல அதுக்கு ஏதாவது செய்யணுமா?"

4. "பாப்பா நல்லா விரியுதா? லென்ஸைப் பிடிச்சிருக்கிற இழை பலமா இருக்கா?"

5. "ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு பார்வை எதிர்பார்க்கலாம்?"

6. "இந்த விவரத்தை சீட்டுல எழுதித் தர முடியுமா?"

நீங்களாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. எப்போதோ கண்ணில் அடிபட்டது, கண்ணில் முன்பு செய்த சிகிச்சை, குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். குறிப்பாக, புராஸ்டேட் பிரச்னைக்காக, அதாவது ஆண்களுக்குச் சிறுநீர் தடையில்லாமல் போகக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரை. அது ஆபரேஷன் நேரத்தில் கண்ணின் பாப்பாவைத் தொளதொளவென ஆக்கிவிடும். முன்பே சொன்னால் டாக்டர் அதற்கேற்ப தயாராவார். நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது ஓட வேண்டும்?

உடனே, அன்றே போக வேண்டிய அறிகுறிகள்: வலி கூடுவது, கண் மேலும் சிவப்பது, சீழ் வருவது, வந்த பார்வை திடீரென்று குறைவது, மின்னல் வெட்டுவது மாதிரி தெரிவது, ஒரு பக்கம் திரை இறங்கியது மாதிரி இருப்பது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று ஒரு ராத்திரி தள்ளினால்கூடக் கண் போகலாம்.

நிதானமாகப் போகலாம், ஆனால் போயே ஆக வேண்டியவை: ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து கண்ணாடி பவர் பார்ப்பது. பலருக்குப் பாதி மங்கல் அந்தக் கண்ணாடியிலேயே தீர்ந்துவிடும். சில மாதமோ சில வருஷமோ கழித்து மறுபடி மங்கினால், லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை தடித்திருக்கலாம். அதற்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். சில நிமிஷத்தில் முடிகிற லேசர் போதும். 'மறுபடி புரை வந்துடுச்சு' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கிளாக்கோமா, சுகர், செதில் படிவு இருப்பவர்களுக்கு ஆபரேஷனோடு கதை முடியாது. கண் அழுத்தம், விழித்திரை, லென்ஸின் இருப்பிடம் மூன்றையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து காட்ட வேண்டும். எங்கே காட்டுவது என்று சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

அந்தத் தாத்தாவுக்கு என்ன சொல்வது?

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை மறுபடி ஒருமுறை அழைத்துப்போங்கள். ஆபரேஷன் செய்த சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கண்ணில் ஏன் முழுப் பார்வை வரவில்லை என்று கேளுங்கள். கண்ணாடி போட்டால் தீருமா, லேசரில் தீருமா, நரம்பா, விழித்திரையா என்று ஒரு பதில் கிடைக்கும். நரம்புதான் காரணம் என்றால், ஒரு கண்ணில் இருக்கும் கிளாக்கோமா இரண்டாவது கண்ணிலும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் அந்தக் கண்ணுக்குச் சொட்டு மருந்து இன்றே தொடங்க வேண்டியிருக்கும்.

முதல் கண்ணில் என்ன நடந்தது என்று தெரியாமல் இரண்டாவது கண்ணை அப்படியே விட்டுவிடுவதுதான், இதில் நடக்கக்கூடிய பெரிய நஷ்டம்.